பூக்கட்டிப் பார்த்த முதுகு

தங்கராசு அண்ணன் ஊரில் தவறிவிட்டார். டூட்டிக்குக் கிளம்பும்போது அவர் மனைவியின் குரல் பதிவு வந்தது. இங்கே ஓமானில், சோஹார் தொழிலாளர் கேம்ப்களில் அவரைத் தெரிந்த அத்தனை பேருக்கும் இதை எழுதுகிறேன்.

எங்கள் மருத்துவமனையில் நோயாளிகளைத் தூக்கி மாற்றுவது அவர் வேலை, நான் பிசியோதெரபிஸ்ட். அங்கே முதுகுத்தண்டு ஆராய்ச்சி ஒன்று நடந்தது. முதுகில் டிஸ்க் விலகியவர்களில் யாருக்கு ஆபரேஷன், யாருக்கு உடற்பயிற்சி என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். நம் ஆட்கள் ஒருவரும் சேரவில்லை. "இந்தியர்களுக்கு ஆராய்ச்சி என்றால் பயம்" என்றார் பெரிய டாக்டர். அண்ணனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"எந்த நாட்டுக்காரனா இருந்தா என்ன தம்பி? முதுகக் கிழிச்சா அன்ஃபிட்டுன்னு விசா குடுத்த கஃபீல் ஊருக்கு ஏத்திருவான். அந்தப் பயம்தான்."

சிகிச்சை முடியும்வரை யாரையும் 'அன்ஃபிட்' என்று எழுதுவதில்லை என டாக்டரிடம் வாக்கு வாங்கினார். பிறகு கேம்ப் கேம்பாகப் போய்ப் பேசினார். "எது நல்லதுன்னு டாக்டருக்கே தெரியல. நமக்குத் தெரியலன்னா செவப்புப் பூ, வெள்ளப் பூ கட்டி சாமி முன்னால போட்டுப் பாப்போம்ல? அதான் இது." ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

ஆள் தூக்கித் தூக்கி அவர் முதுகும் போனது. ஆபரேஷன்தான் வேண்டும் என்றிருந்தார். ஆராய்ச்சியில் சேராமல் நேராகச் செய்துகொள்ளுங்கள் என்று மன்றாடினேன். "ஊரையே உள்ள தள்ளிட்டு நான் வெளிய நிக்கவா?" என்று சேர்ந்தார். உடற்பயிற்சி விழுந்தது. என் கைக்கே வந்தார்.

சில வாரங்களில் பாதம் மரத்துப்போனது. ஆராய்ச்சியிலிருந்து விலகி ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள், ஒரு கையெழுத்து போதும் என்று டாக்டரும் நானும் சொன்னோம்.

"பூ போட்டுக் கேட்டாச்சு தம்பி. பிடிக்கலன்னு மாத்திக் கேட்டா சாமி குத்தம்."

ஒரு நாள் காலையில் சிறுநீர் இறங்கவில்லை. அன்றே அறுத்தார்கள். கால்களுக்கு உயிர் திரும்பவில்லை. கம்பெனி 'கலாஸ்', வேலை முடிந்தது என்று சொல்லி சக்கர நாற்காலியில் ஊருக்கு அனுப்பியது. படுக்கைப் புண்ணில் சீழ் வைத்துப் போய்ச் சேர்ந்தார். யாரை நோவது? எனக்கு அவர் மேல்தான் கோபம் வருகிறது. கோபப்பட்டுவிட்டு அழுகிறேன்.

ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. இப்போது நான்தான் விளக்குகிறேன். பூ என்ற பேச்சையே எடுப்பதில்லை. பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதைத்தான் முதலில் சொல்கிறேன். அவர் எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு வாக்கியம்தான்.

"இஷ்டத்துக்கு விலகலாம்னா அப்ப எதுக்கு சார் குலுக்கிப் பாக்குறீங்க?" என்று கேட்டுவிட்டு கேம்ப் ஆட்கள் எழுந்து போகிறார்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான்.