ஐஸ் பக்டரிச் சுடுதண்ணீர்

ஊர்காவற்றுறைக்குக் கிட்ட வரும்போது டீசலும் மீன்தண்ணீரும் கலந்த வாடை பஸ் யன்னலால் வந்தது. தீவுகளின் பழைய தொழிற்சாலைகளைக் காட்டுவதாகச் சொன்னதால்தான் இந்தச் சுற்றுலாவுக்கு வந்தேன். நான் பார்க்க விரும்பியது ஒன்றைத்தான், எங்கள் கரையில் ஐஸ் பக்டரி இருந்த இடத்தை.

அதன் என்ஜின் பகல் முழுக்க அடித்துக்கொண்டிருக்க, அதைக் குளிரவைத்த தண்ணீர் சூடாகிச் சுவர்க் குழாயால் வெளியே கொட்ட, விறகுக்கு வழியில்லாத எங்கள் அம்மாமார் அங்கேயே உடுப்புத் தோய்த்து எங்களையும் குளிப்பாட்டுவார்கள்; சுவருக்கு அப்பால் ஐஸ் கட்டிகள் பலகையில் சறுக்கி உமிக்குள் விழும் சத்தம் கேட்கும், அமோனியா கசிந்தால் கண் எரியும், என்றாலும் குழாயடியை விட்டு ஒருவரும் நகரமாட்டோம். சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடித் திரும்பியபோது கூரைத் தகரம்கூட இல்லை.

“தம்பி, ஐஸ் பக்டரி இருந்தது இதிலைதான், ஒருக்கா நிப்பாட்டும்” என்றேன்.

“அங்கை ஒண்டும் இல்லை அண்ணை, வெறும் பத்தையும் முள்ளுந்தான். கோட்டைக்கு நேரம் போகுது” என்றார் விளக்கம் சொல்ல வந்த இளைஞர்.

“அண்ணைக்குச் சூப்ப ஐஸ்பழம் வேணுமாம்” என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது.

கோட்டையில் எல்லோரும் படம் எடுத்தார்கள்.

திரும்பும்போது பஸ் அதே இடத்தில் நின்றது. இரண்டு பேருக்கு அவசரமாக ஒன்றுக்குப் போக வேண்டுமாம்.

“இப்ப இறங்கிப் பாருங்கோவன் அண்ணை” என்றார் இளைஞர்.

இறங்கினேன். பத்தைக்குள் பழைய குழாயடிச் சீமெந்துத் தரை மட்டும் கிடந்தது. இருவரும் அதன்மேல்தான் பெய்துகொண்டிருந்தார்கள்.

“இதிலைதான் நாங்கள் குளிச்சனாங்கள்” என்றேன்.

“தண்ணியைக் காணேல்லையே அண்ணை” என்றார் ஒருவர், திரும்பிப் பார்க்காமலே.