நிறுத்திய காரில் ஓடிய ஃபேன்

திருப்பூரில் தினமும் மின்வெட்டு வந்து உயிரை வாங்கத் தொடங்கியிருந்த வருடங்கள் அவை. அப்படி ஒரு கோடையில்தான் நாங்கள் பழைய கார் ஒன்று வாங்கினோம். திருநெல்வேலிப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த எங்கள் சொந்தத்திலேயே அதுதான் முதல் கார். என் கணவர் அதைத் துடைக்கிற துடைப்பில் பெயின்ட்டே போய்விடும் என்று கேலி செய்வேன். எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. கதவைச் சாத்துவதற்கே திட்டு வாங்குகிற ஆள் நான்.

அவர் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து மெஷினால் வெட்டுகிற வேலை. அந்தப் பிளேடுக்குத் துணியும் விரலும் ஒன்றுதான். அதனால் அவர்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு. சிக்கிய நூலை எடுக்க ஒருவர் கை வைக்கும்போது இன்னொருவர் சுவிட்ச் பக்கத்தில் நிற்க வேண்டும். கை வைப்பவர் "ஆஃபா?" என்று கேட்பார். நிற்பவர் பார்த்துவிட்டு "ஆஃப்" என்று சொன்ன பிறகுதான் கை உள்ளே போகும். அதற்கப்புறமும் மெஷின் ஓடிவிட்டால் விசாரணையே கிடையாது, சுவிட்ச் பக்கத்தில் நின்றவர்தான் குற்றவாளி. அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்த எனக்கும் இது மனப்பாடம்.

உடுமலைப்பேட்டையில் என் நாத்தனாரின் குழந்தைக்கு ஞானஸ்நானம். காரில்தான் போவோம் என்று அவர் ஒரே பிடிவாதம். பல்லடம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், சூடு காட்டுகிற முள் பாதிக்கு மேலே ஏறிவிட்டதாகச் சொன்னார். வெயில் அப்படி. ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி வண்டியை நிறுத்தினார். எஞ்சின் சத்தம் அடங்கி, தென்னந்தோப்புக் காற்று கேட்டது.

ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்க வேண்டும் என்று இறங்கினார். மூடி சுடும் என்பதால், காரைத் துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்ட் துணி ஒன்றை வலது கையில் சுற்றிக்கொண்டார். அதன் நுனி ஒரு முழத்துக்குத் தொங்கியது. என்னை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பானெட் திறக்கும் கம்பியை இழுக்கச் சொன்னார். அங்கே இங்கே தடவி ஒருவழியாக இழுத்தேன். பானெட் எழுந்து அவரை மறைத்துக்கொண்டது. அதற்குப் பின்னாலிருந்து பழக்க தோஷத்தில் குரல் வந்தது.

"ஆஃபா?"

சாவி அதன் துளையில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு விளக்கும் எரியவில்லை, சத்தமும் இல்லை. நான் "ஆஃப்" என்றேன். தண்ணீர் பாட்டில் கேட்பாரே என்று பின் சீட்டுப் பக்கம் திரும்பி எட்டினேன். அந்த நொடியில் முன்னால் சர்ரென்று ஏதோ சுழல ஆரம்பித்தது. அவர் அலறினார்.

நான் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்தபடி ரோட்டில் உட்கார்ந்திருந்தார். தொங்கிய துணியின் நுனியை, ரேடியேட்டருக்குப் பின்னால் அதைக் குளிர்விக்க இருக்கும் ஃபேன் இழுத்துக்கொண்டது. கையும் கூடவே போயிருக்க வேண்டியது. பனியன் துணி அல்லவா, நீண்டு கொடுத்து, சுற்று தளர்ந்து கையை விட்டுக் கழன்றுவிட்டது. நடுவிரலில் தோல் உரிந்து நகம் பாதி பெயர்ந்திருந்தது. பத்து வருஷமாகப் பிளேடுக்குத் தப்பிய கை. அந்தக் கையை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"ஏளா, சாவியத் தொட்டியா?"

"இல்லையே. தொடலையே."

"நீ தொடாம அது எப்படி ஓடும்?"

திரும்பும்போது முழங்கை பட்டிருக்குமோ? பட்ட மாதிரியும் இருந்தது, படாத மாதிரியும் இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஃபேன் துணியைக் கிழித்துப்போட்டுவிட்டுத் தானாக நின்றது. அது வேறு குழப்பம். முழங்கை பட்டு ஓடியது என்றால், எது பட்டு நின்றது? அவர் அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் இல்லை. "ஆஃப்" என்று சொன்னவள் நான். அவர்கள் செக்‌ஷன் சட்டப்படி வழக்கு முடிந்துவிட்டது. முழங்கை பட்டிருக்கும்போல என்று நானே சொல்லி, அழுதுகொண்டே மன்னிப்பும் கேட்டேன்.

உடுமலையில் விரலில் கட்டோடு போய் இறங்கினால் கேட்காமல் விடுவார்களா? பிரியாணி பரிமாறுகிறவர் வரை கேட்டார்கள். அவரும் சலிக்காமல் சொன்னார். சொல்லி முடித்ததும், போகட்டும், அவளுக்கு என்ன தெரியும் பாவம், என்று பெரிய மனதோடு ஒரு வரி சேர்த்துக்கொள்வார். எல்லோரும் அவரைப் பார்த்து நெகிழ்வார்கள், அடுத்து என்னைப் பார்ப்பார்கள்.

அதன் பிறகு நான் டிரைவர் சீட்டுப் பக்கமே போகவில்லை. சமைக்கும்போதும் அலமாரியில் எதையாவது எட்டும்போதும் என் முழங்கையையே கவனித்துக்கொண்டிருந்தேன். அன்று சாவி எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று யோசித்து யோசித்து, கடைசியில் சாவி தொங்கியதைப் பார்த்தேனா என்பதே சந்தேகமாகிவிட்டது. என் கை மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனது.

விரல் ஆறி அவர் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார். ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்குக் காரில் வந்தார். வாசலில் நிறுத்தி, பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. எங்கள் வீட்டை ஒட்டியே பனியன் துணி பின்னுகிற நிட்டிங் யூனிட். பகல் முழுக்க அந்த மெஷின்களின் இரைச்சல்தான். அதுவும் நின்று, தெருவே அமைதியானது.

வீட்டுக்கார அம்மா வெளியிலிருந்து கூப்பிட்டார்.

"ஏங் கண்ணு, காருக்குள்ள ஆரு இருக்காங்க? வண்டி ஓடிட்டே இருக்குதே."

யாரும் இல்லையே என்றபடி இருவரும் வெளியே வந்தோம். தெருவில் ஒரு வீட்டிலும் ஃபேன் ஓடாத நேரத்தில், எங்கள் காரின் மூக்குக்குள் மட்டும் அந்த ஃபேன் சர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. கதவு பூட்டியிருந்தது. டிரைவர் சீட் காலியாக இருந்தது. அவர் சாப்பாட்டுக் கையோடு நின்று, இடது கையால் சட்டைப் பையைத் தடவி சாவியை வெளியே எடுத்தார். சாவியைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

நான் கேட்டேன்:

"ஆஃபா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு "ஆஃப்தான்" என்றார்.

ஃபேன் நின்றது. வீட்டுக்கார அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, போய்விட்டார். நாங்கள் உள்ளே போய் மீதிச் சோற்றைச் சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு வந்து, ஊரெல்லாம் உன்னைச் சொல்லிட்டேனே, என்றார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

ஒர்க்‌ஷாப்பில் கேட்டபோது, சில வண்டிகளில் அந்த ஃபேனுக்குச் சாவி தேவையே இல்லை, பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் எடுக்கும் என்றார்கள். எஞ்சின் நின்றதும் உள்ளே தண்ணீர் ஓட்டமும் நின்று, சூடு இன்னும் ஏறுமாம். ஏறினால் அது தானாக ஓடும், தணிந்தால் நிற்கும். சூடான ரேடியேட்டரில் கை வைத்ததற்கு அவருக்குத் தனியாகத் திட்டு விழுந்தது. நிறுத்திய பிறகு சூடு ஏறுவது எப்படி என்று எனக்கு இன்றும் சரியாக விளங்கவில்லை.

நாத்தனார் வீட்டுக்கு அவரே போன் போட்டுச் சொன்னார், நான் பக்கத்திலேயே நின்று கேட்டேன். இப்போதும் வீட்டில் ஏதாவது உடைந்தால், தொலைந்தால், "நானாத்தான் இருக்கும்" என்று வாய் முந்திக்கொண்டு வரும்போது, பூட்டிய காரின் அந்தக் காலி சீட் நினைவுக்கு வந்து என் வாயை அடைத்துவிடுகிறது.