பீரோவில் பூட்டிய வைஃபை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட இது கொஞ்சம் கௌரவமாக இருக்கும்.

இரண்டு மாதமாக எங்கள் வீட்டு வைஃபை மோடத்தை இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். சும்மா பூட்டவில்லை. பீரோவின் முதுகில் துளை போட்டு, டெலிபோன் வயரையும் கரண்ட் வயரையும் உள்ளே இழுத்து, ஒரு பழைய வெல்வெட் துணியை விரித்து, அதன்மேல் உட்காரவைத்திருந்தேன். அப்புறம் சிக்னல் வரவில்லை என்று டெலிபோன் ஆபீசுக்கு நான்கு புகார் எழுதினேன். நான்கும் நல்ல தமிழில்.

சிரித்து முடித்தீர்களா? சரி.

ஏன் பீரோ என்று கேட்பீர்கள். குரங்குதான் காரணம். உத்திரமேரூரில் குரங்குகளுக்கு எங்களைவிட அதிக உரிமை உண்டு. போன வருஷம் ஒன்று ஹாலுக்குள் வந்து டிவி ரிமோட்டை எடுத்துப்போய், பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனாக நிதானமாகக் கடித்துத் தின்றது. ரிமோட்டுக்கே அந்தக் கதி என்றால், பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும் பெட்டியை விட்டுவைக்குமா?

யோசித்தேன். வீட்டிலேயே பத்திரமான இடம் எது? பீரோ. எங்கே இருக்கிறது? முன்னறையில், டெலிபோன் பக்கத்திலேயே. முடிந்தது.

அது என் மனைவி சகுந்தலாவுக்குத் தென்னேரியிலிருந்து சீரோடு வந்த பீரோ என்பது மட்டும் ஒரு சின்னச் சிக்கல். அவள் ஊரில் இல்லாத ஒரு நாள் வெல்டிங் பட்டறைக்காரரைக் கூப்பிட்டு, வெளியிலிருந்தே துளையை மட்டும் போட்டு முடித்துவிட்டேன். திரும்பி வந்தவள் துளையைப் பார்த்தாள். விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஓட்ட போட்றதுக்கு ஊர்ல வேற இரும்பே இல்லியா?"

"விஞ்ஞானம் சகுந்தலா. ரேடியோ அலைகள் ஒன்பது அங்குலச் சுவரையே துளைத்துக்கொண்டு போகும். இந்தத் தகடு நகத்தளவு கனம்கூட இல்லை."

"ஓஹோ" என்றாள். அந்த ஓஹோவுக்கு இருபத்தெட்டு வருஷ அனுபவம் உண்டு.

எங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டில் யார் யார் தேர்தலில் நிற்கக் கூடாது என்று நீளமாக ஒரு பட்டியல் இருக்கிறது. மனைவியின் பீரோவில் துளை போட்டவன் அதில் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

முதல் மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. என் மேஜை பீரோவுக்கு இரண்டடி தள்ளி. பத்திரிகைக்குக் கட்டுரையை மெயிலில் அனுப்புவதோடு என் இன்டர்நெட் தேவை தீர்ந்துவிடும். இந்தப் பத்திகூட அப்படித்தான் உங்களிடம் வந்துகொண்டிருந்தது. மெதுவாக, முக்கி முனகி.

போன மாதம் மகள் மலர் வந்தாள். முதல் பிரசவம், தாய்வீடு. சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. காஞ்சிபுரம் டாக்டர் பார்த்துவிட்டு, பாத்ரூமுக்குத் தவிர எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். பாத்ரூம் ஒட்டியிருப்பது எங்கள் வீட்டில் பின்னறை ஒன்றுதான். ஆகவே கட்டில் அங்கே போனது. கட்டிலோடு மலரும், மலரோடு லேப்டாப்பும்.

அவளுடைய மேனேஜர் நல்ல மனுஷர்தான். படுத்தபடியே வேலை செய்யலாம் என்று அனுமதி கொடுத்தார். ஒரே நிபந்தனை, லைன் அறுந்துபோகக் கூடாது. அறுந்தால் சம்பளமில்லாத லீவு. அவள் பார்க்கும் வேலை வேறொருவருக்குப் போய்விடும். மலர் ஐந்து வருஷம் பாடுபட்டு, இப்போதுதான் ஒரு டீமுக்குத் தலைவியாகியிருக்கிறாள்.

பின்னறையில் சிக்னல் ஒரு கோடு. சில சமயம் அதுவும் இல்லை.

"மோடம் எங்கப்பா இருக்கு?"

சொன்னேன்.

"அத வெளிய எடுத்து வெச்சா என்னப்பா?"

ஒன்பது அங்குலச் சுவர், நகத்தளவுத் தகடு என்று ஆரம்பித்தேன். சமையலறையில் சகுந்தலா தாளிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. அவள் கேட்கிறாள் என்பதாலேயே இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இனி மோடத்தை வெளியே எடுத்தால் துளை வீண். துளை வீண் என்றால் விஞ்ஞானம் வீண். விஞ்ஞானம் வீண் என்றால்... அந்த ஓஹோ மறுபடி வரும்.

அன்றிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. லேப்டாப்பைத் தாம்பாளம்போல் ஏந்திக்கொண்டு பின்னறை முழுக்க நடந்தேன். ஜன்னல் பக்கம் ஒரு கோடு கூடியது. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டோம். கோடு சுவரோரம் போய்விட்டது. சுவரோரம் இழுத்தோம். வீட்டு வேலைக்கு வரும் கன்னியம்மாவைக் கட்டிலின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை அவள் கையை எடுத்துவிட்டாள்.

"மாசமா கீற பொண்ண இப்டி கட்டிலோட இஸ்துக்கினு திரியறியே சார், சாமி ஊர்வலமா இது?"

வியாழக்கிழமை லைன்மேன் ஏழுமலை வந்தார். என் நான்கு புகாருக்கும் சேர்த்து ஒரே ஆள். டெலிபோனைக் காதில் வைத்துப் பார்த்தார். கம்பத்தில் ஏறிப் பார்த்தார். இறங்கி வந்து பீரோ முன்னால் நின்று தலையைச் சொறிந்தார்.

"லைன் சொக்கமா கீது சார். பொட்டிதான் ஜெயில்ல கீது."

"சுவரையே துளைக்கும் ஏழுமலை..."

"செவுத்த தொளைக்கும் சார். இரும்புகிட்ட அதும் பருப்பு வேவாது. வெளிய எடுத்து நடு வூட்ல ஒசரமா வெச்சிடு. பிரிட்ஜ் பக்கத்துல மட்டும் வேணாம். அந்த உள்வாசல் மேல பலவ கீது பாரு, அங்க வை. கொரங்கும் ஏறாது, நாலு ரூமுக்கும் எட்டும்." ஒரு சுருள் டெலிபோன் வயரை எடுத்து மேஜைமேல் வைத்தார். "வயரு பத்தலன்னா இத போட்டுக்க."

யோசிக்கிறேன் என்றேன். யோசிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் போனதும் ஏணியை எடுத்துக்கொண்டு போய், பின்னறை ஜன்னலை மறைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு முருங்கைக் கிளைதான் குற்றவாளி என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அந்தக் கிளையை வெட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து மலரின் குரல். "அப்பா, நாலு கோடு வந்துடுச்சி."

"முருங்கைதாம்மா" என்றேன் ஏணியிலிருந்தே. நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

முன்னறையில் டப்பென்று பீரோ கதவு மூடும் சத்தம். "போயிடுச்சிப்பா" என்றாள் மலர்.

கிரீச். "வந்துடுச்சி."

டப். "போயிடுச்சி."

திங்கட்கிழமை தென்னேரியில் சகுந்தலாவின் சித்தி மகள் வீட்டுக் கிரகப்பிரவேசம். பட்டுப்புடவைக்கு எந்த ஜாக்கெட் சேரும் என்று பீரோவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள். ஒரு உண்மையைக் கண்டுபிடித்தவன் சந்தோஷத்தில் தெருவில் ஓடுவான் என்று படித்திருக்கிறேன். நான் முருங்கைக் கிளையைப் பிடித்துக்கொண்டு ஏணியிலேயே நின்றேன்.

இறங்கிப் போய்ச் சொன்னேனா? இல்லை. ரகசியமாக ஒரு ஏற்பாடு செய்தேன்.

நான் எழுதிய பத்தி வந்த பக்கத்தை நாலாக மடித்து, பீரோ கதவு மூடாதபடி சொருகிவிட்டு நகர்ந்தேன். பின்னறையில் இரண்டு கோடு. பரவாயில்லை. பத்து நிமிஷத்தில் சகுந்தலா வந்து காகிதத்தை உருவி எறிந்துவிட்டுக் கதவை மூடினாள்.

"வெள்ளிக்கெழம அதுவுமா பீரோவ தொறந்து போட்டா லட்சுமி தங்குவாளா?"

அந்தக் கதவு திறந்திருந்தால்தான் மகளுக்கு லட்சுமி வருவாள் என்று எப்படிச் சொல்வது? நான் திறக்க, அவள் மூட, நான் திறக்க, அவள் மூட... சனிக்கிழமையும் இதே கூத்து. ஒருமுறை நேருக்கு நேர் மாட்டிக்கொண்டபோது, "பத்திரம் தேடறேன்" என்றேன். எந்தப் பத்திரம் என்று அவள் கேட்கவில்லை. அதுவே பேஜாராக இருந்தது.

சனிக்கிழமை மாலை மலர் ஆபீஸ் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தபோது லைன் இரண்டு தடவை அறுந்தது. ஒரு மணி நேரத்தில் மேனேஜரிடமிருந்து மெயில். திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பெரிய மீட்டிங். அதிலும் இப்படி ஆனால் செவ்வாயிலிருந்து லீவு எடுத்துக்கொள்வது நல்லது என்று மரியாதையாக எழுதியிருந்தார்.

மலர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். லேப்டாப்பை மூடி வயிற்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "பரவால்லப்பா. லீவே போட்டுக்கறேன். நீங்க அலையாதீங்க."

பரவாயில்லை என்கிற சொல் இப்படிக் குத்தும் என்று ஐம்பத்து நாலு வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. ஞாயிறு முழுக்கத் தொண்டை வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போயிற்று வார்த்தை. நாளைக் காலை சகுந்தலா ஊருக்குப் போன பிறகு சத்தமில்லாமல் எடுத்து வெளியே வைத்துவிடலாம், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு கோழைத் திட்டம் போட்டுக்கொண்டு படுத்தேன்.

திங்கட்கிழமை பத்தேகாலுக்கு சகுந்தலா பட்டுப்புடவையில் கிளம்பிப் போனாள். தெருமுனை திரும்பட்டும் என்று காத்திருந்து, பீரோ கைப்பிடியைத் திருப்பினேன்.

பூட்டியிருந்தது.

ஊருக்குப் போகிறவள் பூட்டாமலா போவாள்? சாவி எங்கே? எப்போதும் இருக்கும் இடத்தில்தான். அவள் இடுப்பில். அந்தக் கொத்து இருபத்தெட்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவளை விட்டு இறங்கியதில்லை. அது எனக்குத் தெரியாதா? திட்டம் போடும்போது மட்டும் தெரியவில்லை.

மொபெட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தேன். வாலாஜாபாத் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் சகுந்தலா. பின் சீட்டில் அவளோடு கிளம்பியிருந்த எங்கள் தெருப் பெண்கள் நான்கு பேர், நால்வரும் தலையில் பூவோடு.

"சாவி கொடு."

"எதுக்கு?"

"பீரோ திறக்கணும்."

"பத்திரம் தேடவா?"

கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "சார், குடும்ப வெவகாரத்த வூட்ல வெச்சிக்கங்க. டைம் ஆயிடுச்சி."

மணி பத்து முப்பத்தெட்டு. தலையை ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், முடிந்தவரை தாழ்ந்த குரலில் சொன்னேன். "மோடத்தை வெளியே எடுக்கணும். பீரோவுக்குள்ளே இருந்தா சிக்னல் வராது. நான் சொன்னது தப்பு."

"இன்னா? வண்டி சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

கேட்டுவிட்டது. அவள் முகத்தில் நன்றாகவே கேட்டுவிட்டது. ஆனால் பதினோரு மணி எனக்காக நிற்காதே?

"தப்பு என்னுதுன்னு சொன்னேன்" என்றேன். பஸ்ஸின் இடது பக்கம் முழுக்கத் திரும்பியது.

சகுந்தலா ஓஹோ என்று சொல்லவில்லை. இடுப்பிலிருந்து கொத்தை உருவி, முழுக் கொத்தையும் கம்பி வழியாக என் கையில் வைத்தாள். "பொடவைய கலைக்காம எடுங்க. மலருக்கு பதினோரு மணிக்கு மீட்டிங்னா இந்நேரம் இன்னா பேச்சு, போங்க."

அப்படியானால் எவ்வளவு நாளாக அவளுக்குத் தெரியும்? கேட்க நேரமில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது பத்து ஐம்பது. பீரோவைத் திறந்தேன். பெட்டி அடை வைத்த கோழிபோல் கொதித்துக்கொண்டிருந்தது. வயர்களைத் துளை வழியாகப் பின்னால் தள்ளினேன். ஏழுமலை கொடுத்த சுருளைப் பிரித்து ஹாலைத் தாண்டி இழுத்தேன். ஸ்டூலைக் கன்னியம்மா பிடித்துக்கொள்ள, உள்வாசல் மேலிருந்த பலகையில் மோடத்தை ஏற்றினேன். பிளக்கைச் சொருகியபோது பதினொன்றுக்கு மூன்று நிமிஷம். முதல் விளக்கு எரிந்தது. இரண்டாவது சிமிட்டியது. சிமிட்டிக்கொண்டே இருந்தது. நானும் கன்னியம்மாவும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

நின்றுவிட்டது. பச்சை.

"வந்துடுச்சிப்பா" என்றாள் மலர் பின்னறையிலிருந்து. "அஞ்சு கோடு."

மீட்டிங் ஐம்பது நிமிஷம் நடந்தது. லேப்டாப் கேமராவுக்கு முன்னால் தலையணையில் சாய்ந்துகொண்டு மலர் பேசினாள், எதிர்க்கேள்வி கேட்டாள், ஒருமுறை யாரையோ அதட்டினாள். ஒரு தடவைகூட அறுபடவில்லை.

நாம் ஒரு விசித்திரமான கூட்டம். சோபா வாங்கினால் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே உட்கார்ந்து கிழிப்போம். நல்ல பீங்கான் தட்டுகளைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கிவிட்டு எவர்சில்வரில் சாப்பிடுவோம். பரவிக் கிடக்க வேண்டியதற்காகவே செய்த ஒரு பொருளைக்கூட முதல் வேலையாகப் பூட்டி வைப்போம். அப்புறம் எட்டவில்லையே என்று ஊரெல்லாம் புகார் எழுதுவோம். எனக்குத் தெரிந்து சில பேர் பாசத்தையும் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள்... இந்த வரியை எழுதிவிட்டு ஒரு நிமிஷம் என்னைப் பற்றியே ரொம்பப் பெருமையாக இருந்தது.

சாயந்திரம் மலரிடம் போய் உட்கார்ந்தேன். மீட்டிங் என்ன ஆயிற்று?

"பிரசவம் வரைக்கும் வீட்லேர்ந்தே பண்ணலாம்னு சொல்லிட்டார்ப்பா. டீம் என்கிட்டயேதான்."

"லைனைப் பத்தி ஏதாவது சொன்னாரா?" என்றேன், அடக்கமாக.

"லைன் ரொம்ப கிளியரா இருக்குன்னார்." கொஞ்சம் தயங்கினாள். "உங்க பின்னாடி ஒருத்தர் ஒரு மணி நேரமா குறுக்கும் நெடுக்குமா நடந்துக்கிட்டே இருக்காரே, அவர மட்டும் அடுத்த தடவை எங்கயாவது உக்கார வைங்கன்னார்."