விரல் மடங்க வேண்டும்

ஷார்ஜாவில் கையில் ரத்தம் ஒழுக ஆஸ்பத்திரியில் போய் நின்றால், வலிக்கிறதா என்று கேட்பதற்கு முன்பே யார் வெட்டியது என்று கேட்கிறார்கள். நானேதான் வெட்டிக்கொண்டேன் என்றேன். கையைப் புரட்டிப் பார்த்த நர்ஸ் அதை நம்பாமல் போலீசுக்குப் போன் போட்டுவிட்டார்.

நடந்தது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மத்தியானம், ரோலாவில் எங்கள் ரூம் அடுப்படி. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சேகரிடம், "ஒன் கொழம்ப ஆட்டுக்கு ஊத்துனா ஆடே கேஸ் போடும்டா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "வாய மூடுறா" என்று கத்தியோடு கையை வீசினான். தடுக்கப் போன என் நடுவிரல் எலும்பு தெரிய அறுபட்டது.

ஊரில் முளைப்பாரி ஊர்வலத்தில் என் மச்சான் இன்னொருத்தன் மண்டையை உடைத்தபோது, ஸ்டேஷனில் இருவரையும் உட்காரவைத்துப் பேசி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதே நினைப்பில் இங்கேயும் போலீஸ்காரரிடம் நடந்ததைச் சொல்லி, "சேகர் என் பாய் சார், கேஸ் மாஃபி, கலாஸ்" என்று, அண்ணன் தம்பிதான், கேஸ் வேண்டாம், முடிந்தது என்பதைத் தெரிந்த இந்தியிலும் அரபியிலும் சொன்னேன். அவர் எங்கள் அட்டைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, அப்பா பெயர் வேறாக இருக்கிறதே, எப்படிப் பாய் என்று இந்தியில் கேட்டார். பொய் சொன்னதற்கு என்னையும் உள்ளே வைப்பாரோ என்று பயந்து, ஒரே ரூம் சார் என்று திருத்திச் சொன்னேன். சேகரைக் கூட்டிப் போய்விட்டார்கள்.

மன்னித்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டேன். கூட வந்திருந்த கம்பெனி ஆள், போதாது என்று தலையாட்டினார். "அது உன் மன்னிப்பு. சர்க்கார் கேஸ் வேற. இருபது நாளுக்கு மேல வேலை செய்ய முடியாதுன்னு டாக்டர் எழுதினா, கேஸ் பெரிசாகும்."

எட்டாவதோடு நின்றவன் நான். ஆனாலும் இது புரிந்தது. சேகர் செய்தது எவ்வளவு பெரிய குற்றம் என்பதை என் விரல்தான் சொல்லப்போகிறது.

சேகரின் மனைவி தினமும் போன் செய்தாள். "அண்ணே, வெரலு மடங்குதாண்ணே?"

என் மனைவி விடவில்லை. "வலிக்குதுன்னே சொல்லுங்க. கம்பி கட்டுற கை. நாளைக்கு அது வெளங்காமப் போனா அவுகளா வந்து சோறு போடுவாக?"

இருபது நாள் முடியும் முன்பே, நேற்று டாக்டர் மடக்கு என்று சைகை காட்டினார். ஆள்காட்டி விரலால் நடுவிரலை அமுக்கி உள்ளே தள்ளினேன். உயிர் போய் வந்தது. "முஷ்கில் மாஃபி", ஒரு கஷ்டமும் இல்லை என்று சிரித்தேன். டியூட்டிக்குப் போகலாம் என்று எழுதிவிட்டார்.

கோர்ட்டு என்ன சொல்லுமோ, தெரியாது. இன்று சைட்டில் குறடு கையிலிருந்து நழுவி நழுவி விழுந்தது. ஃபோர்மேன் பார்க்கிறானா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இந்த நாட்டுக் காகிதத்தில் என் கை ஆறிவிட்டது. ஊரில் அது இன்னும் கட்டுப் போட்ட கை. மனைவியின் வீடியோ கால் வரும்போது, அவிழ்த்து வைத்த துணியை எடுத்து மறுபடியும் சுற்றிக்கொள்கிறேன்.