நாமினி எழுதாத கணக்கு

செந்துறையில் பெண்களுக்குச் சேமிப்பு பற்றி இலவச வகுப்பு எடுக்கிறேன். பாடங்கள் இணையத்தில் காசில்லாமல் கிடைப்பவை, நகலெடுத்துக் கொடுப்பேன். "வூட்டுக்காரர் கணக்குல நாமினி பேரு எழுதியாச்சா?" என்று வாரம் தவறாமல் கேட்பேன்.

மாரடைப்பில் இறந்த என் கணவருக்குக் கருமாதி முடிந்த மறுநாள், அரியலூரில் அவருடைய வங்கிக்குப் போனேன். "நாமினி யாரையும் போடலைங்களே. வாரிசுச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க" என்றார் அலுவலர்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. ஊரில் எல்லோரையும் கேட்டவள், அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

பின்னால் வரிசையில் என் வகுப்புக்கு வரும் செல்வி நின்றிருந்தாள். முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை செய்பவள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தாலுகா ஆபீஸுக்கு நானும் வரேன் டீச்சர். தனியா அலையாதீங்க" என்றாள்.

அன்றைய கூலியை விட்டுவிட்டு என்னோடு செந்துறை பஸ் ஏறினாள்.

அடுத்த வகுப்பில் நான் தாளைப் பார்த்து வாசிக்கவில்லை. எனக்கு நடந்ததைச் சொன்னேன். சொன்னதைச் செய்யாதவள் என்று தெரிந்த பிறகும், அவர்கள் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.