மரத்தடியில் ஒரு கதவு

பூட்டக்கூடிய கதவு இல்லாத பள்ளிக்கூடத்துக்குப் பாடப்புத்தகம் இல்லையாம். ஆளுநரின் புதிய சுற்றுநிருபம். அவருக்கு நாங்கள் வாக்களிக்கவில்லை. அவரைக் கேள்வி கேட்கவேண்டிய மாகாண சபையிலோ தேர்தல் நடக்காததால் ஆள் உட்காராத கதிரைகள்.

ஸ்கந்தபுரத்தில் நான் படிப்பிப்பது மரத்தடியில். எங்கள் பெற்றோர்களில் பலர் போரில் இடம்பெயர்ந்தபோது வீட்டுக் கதவுகளை நிலையோடு உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்தவர்கள். அதில் ஒன்றை இன்று காலை மரத்தடியில் நட்டுப் பூட்டினோம்.

பார்வையிட வந்த அதிகாரி கதவைச் சுற்றிவந்து பார்த்தார்.

"சுவர் எங்க ரீச்சர்?"

"சுற்றுநிருபத்தில சுவர் கேக்கேல்லையே சேர். கதவுதான் கேட்டவை. இந்தாங்கோ திறப்பு."

பக்கவாட்டில் நுழைந்திருக்கலாம். அவர் பூட்டைத் திறந்து, கதவு வழியாகவே வந்து கையெழுத்திட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள், நானும்தான். வெள்ளிக்கிழமை புத்தகங்கள் வருகின்றன.

அடுத்த சுற்றுநிருபம் கட்டாயம் சுவர் கேட்கும். உங்களில் யாரிடமாவது இருக்கிறதா?