மட்டக்குதிரைக்கு நான் கட்டிய கயிறு

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எனக்குக் கரையில் கால் தரிக்காது. அந்த வருடம் என் பரபரப்பை ஒரு மட்டக்குதிரையின் மேல் ஏற்றினேன். அது என் கூட்டாளி அந்தோணியுடையது. தூத்துக்குடி கடற்கரையில் பிள்ளைகளைச் சுமந்து அவன் வீட்டுக்குச் சோறு போடுவது.

கரையேற்றிய இரண்டு படகுகளுக்கு நடுவே கயிறு கட்டி, தாண்டப் பழக்கினேன். என் முழங்கால் உயரத்தைக் காற்றாகக் கடந்தது. கயிற்றை இடுப்புக்கு ஏற்றினேன்.

“ஏலே, போதும். அதுவே சின்ன உருப்படி,” என்றான் அந்தோணி.

“அது மூஞ்சியப் பாருலே, இன்னும் கேக்குது.”

ஓடி வந்தது. முன்கால்கள் தாண்டின, பின்கால்கள் சிக்கின. படகு கட்டும் பழக்கத்தில் நான் போட்ட முடிச்சு இம்மியும் இளகவில்லை. குதிரை மணலில் விழுந்து உதைக்க உதைக்க, கயிறு காலை இறுக்கியது. அதன் கண்ணில் வெள்ளை மட்டுமே தெரிந்தது.

“அறுலே! கயித்த அறு!” குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அந்தோணி கத்தினான்.

மடியிலிருந்த கத்தியை எடுத்து அறுத்தேன். எழுந்தது, நொண்டியது.

“கேட்டது குதிரையா, நீயாலே?” என்றான்.

கால் ஆற ஒரு மாதமானது. தினமும் போய் எண்ணெய் தேய்த்துவிட்டேன். பிறகு ஒருநாள், மறுபடி தாண்டப் பழக்கச் சொல்லி அந்தோணியே கூப்பிட்டான். இரண்டு மீன்பெட்டிகளின் மேல் மூங்கில் கம்பைக் கட்டாமல் வைத்தேன். முழங்காலுக்கு மேல் ஒரு சாண் கூட்டியதும், குளம்பு பட்டுக் கம்பு விழுந்தது. குதிரை விழாமல் ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்தது.

இன்னொரு தடவை என்று எனக்குள் ஏதோ துடித்தது. அந்தத் துடிப்போடேயே கம்பை ஒரு சாண் இறக்கி வைத்தேன்.